ஐந்து பேர் போதும்: அமெரிக்க சபாநாயகர் செய்திகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2023 ஜனவரியில், 15 சுற்று வாக்கெடுப்புக்குப் பிறகே கெவின் மெக்கார்த்தியால் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் ஆக முடிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று அந்தப் பதவி பறிபோனது. இரண்டு தடவையும் குடைச்சல் கொடுத்தவர்கள் அவருடைய சொந்தக் குடியரசுக் கட்சிக்காரர்கள். முதல் தடவை இருபது பேர், இரண்டாம் தடவை எட்டே பேர். கட்சியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாதவர்கள் தலைவரை எப்படி ஆட்டிவைக்க முடிந்தது என்பதை விளக்க வரும்போது நம்மில் பலர் ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறோம்.

நம்மூர் சபாநாயகர் என்று நினைத்துவிடுவது

குழப்பம் சொல்லிலேயே தொடங்குகிறது. நம் சட்டமன்றத்திலோ மக்களவையிலோ சபாநாயகர் என்றால் நடுவர். கட்சியில் இருந்து வந்தவர்தான் என்றாலும், அன்றாட அரசியலை நடத்துவது முதல்வர் அல்லது பிரதமரின் வேலை. அமெரிக்காவில் அந்த நாற்காலியில் இருப்பவர் பெரும்பான்மைக் கட்சியின் தலைவர். எந்த மசோதா எப்போது அவைக்கு வரும், யார் எந்தக் குழுவில் இருப்பார், வெள்ளை மாளிகையோடு யார் பேரம் பேசுவது என்பதெல்லாம் பெரும்பாலும் அவர் கையில். நம்மூர் கணக்கில் பார்த்தால், சபாநாயகரும் அவை முன்னவரும் பாதிக் கட்சித் தலைவரும் ஒரே ஆள்.

இதைவிடப் பெரிய வேறுபாடு கொறடா விஷயத்தில். இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் உறுப்பினர் பதவியே போகலாம். 2017-இல் தமிழகத்தில் முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் மனு கொடுத்த அணியினரில் 18 எம்.எல்.ஏ.க்களை அன்றைய சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஓராண்டு கழித்து உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டமே கிடையாது. அங்கே கொறடா கெஞ்சலாம், குழுப் பொறுப்பைப் பிடுங்கலாம். பதவியைத் தொட முடியாது.

அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்றும் மிரட்ட முடியாது. நம் ஊரில், இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று உறுதிசெய்யும் பி படிவத்தில் கையெழுத்துப் போடுபவரே கட்சி. அங்கே வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது தொகுதியின் உட்கட்சித் தேர்தலில் வாக்களிக்கும் மக்கள். தலைவரை எதிர்த்து நின்றவர் அவர்களிடம் நல்ல பெயர் எடுத்துக்கொண்டு திரும்பலாம், எடுக்காமலும் போகலாம். மெக்கார்த்தியை வீழ்த்திய எட்டுப் பேரில் ஒருவரான பாப் குட், 2024-இல் தன் உட்கட்சித் தேர்தலில் 400-க்கும் குறைவான வாக்குகளில் தோற்றார். எதிர்த்து நின்றவருக்கு ட்ரம்பின் ஆதரவு இருந்தது.

குழுவின் தலைகளை எண்ணுவது

“ஃப்ரீடம் காக்கஸில் இத்தனை பேர், ஆகவே இவ்வளவு பலம்” என்று எழுதுவது அடுத்த தவறு. 2015 ஜனவரியில் ஜிம் ஜோர்டன் தலைமையில் தொடங்கிய, குடியரசுக் கட்சிக்குள் இருக்கும் அந்தக் கடும் பழமைவாத அணி தன் உறுப்பினர் பட்டியலை முறையாக வெளியிடுவதில்லை. ஏறக்குறைய 30 முதல் 40 பேர் என்பது பொதுவான கணக்கு. ஐந்தில் நான்கு பங்கு பேர் ஒத்துக்கொண்டால் எல்லோரும் ஒன்றாக வாக்களிக்க வேண்டும் என்று ஓர் உள்விதி வைத்திருந்தார்கள். அணிக்குப் பல் முளைத்ததற்கு அது ஒரு காரணம்.

ஆனால் எண்ண வேண்டியது வேறொன்றை. அவையின் மொத்த இடம் 435. எல்லோரும் வாக்களித்தால் பெரும்பான்மைக்கு 218. ஆளும் தரப்பின் எண்ணிக்கையில் இருந்து 218-ஐக் கழித்தால் மிஞ்சுவதுதான் தலைவர் இழக்கத் தாங்கும் அளவு. 2015-இல் குடியரசுக் கட்சிக்கு 247 இடங்கள், மிச்சம் 29. அன்றைய சபாநாயகர் ஜான் பேனரைத் தடுக்க முப்பது பேர் தேவைப்பட்டார்கள். 2023-இல் 222 இடங்கள், மிச்சம் 4. மெக்கார்த்தியைத் தடுக்க ஐந்து பேர் போதும். அணி பெருகவில்லை, பெரும்பான்மைதான் மெலிந்துவிட்டது.

இன்னொன்று: அணியின் பெயரும் கிளர்ச்சியும் எப்போதும் பொருந்திப் போவதில்லை. 2023 ஜனவரியில் இரண்டாம் சுற்றில் ஜோர்டன் எழுந்து மெக்கார்த்தியின் பெயரை முன்மொழிந்தார். உடனே கிளர்ச்சியாளர்களில் ஒருவரான மேட் கேட்ஸ் எழுந்து ஜோர்டனின் பெயரையே முன்மொழிந்தார். ஜோர்டன் விரும்பாமலேயே அவருக்கு 19 வாக்குகள். அக்டோபரிலும், பதவி நீக்கத் தீர்மானத்தைக் கொண்டுவந்த கேட்ஸும், ஆதரித்த நான்சி மேஸும் ஃப்ரீடம் காக்கஸ் உறுப்பினர்கள் அல்ல. அந்த அணியின் பெரும்பாலோர் மெக்கார்த்தி பக்கமே நின்றார்கள். “ஃப்ரீடம் காக்கஸ் கவிழ்த்தது” என்று எழுதிய செய்திகள் பாதிதான் சரி.

218 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்வது

சபாநாயகர் தேர்தலில் வெல்ல, ஒருவரின் பெயரைச் சொல்லி வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் வேண்டும். “வந்திருக்கிறேன்” என்று மட்டும் சொன்னவர் கணக்கில் சேரமாட்டார். ஆக, வாக்களிக்காமல் இருப்பது நடுநிலை இல்லை. இலக்கைக் கீழே இறக்கும் உதவி அது. வாராதவரும் அப்படித்தான்.

2023 ஜனவரி 6 இரவு நடந்த 14-ஆம் சுற்றை எடுத்துக்கொள்வோம். ஓர் இடம் காலி, 434 பேர். மெக்கார்த்திக்கு 216, ஜனநாயகக் கட்சியின் ஹக்கீம் ஜெஃப்ரிஸுக்கு 212, வேறு பெயர் சொன்னவர்கள் நான்கு, “வந்திருக்கிறேன்” சொன்னவர்கள் இரண்டு. பெயர் சொன்ன வாக்குகள் 432. பாதிக்கு மேல் என்றால் 217. ஒரே ஒரு வாக்கு குறைச்சல். இங்கே பலர், “இன்னும் ஒருவர் மெக்கார்த்திக்குப் போட்டிருந்தால்தான் வென்றிருப்பார்” என்று முடித்துவிடுகிறார்கள். தேவையே இல்லை. அந்த நால்வரில் ஒருவர் யார் பெயரையும் சொல்லாமல் “வந்திருக்கிறேன்” என்றிருந்தாலும் மொத்தம் 431 ஆகி, 216 போதுமானதாக இருந்திருக்கும்.

அந்த இரண்டு “வந்திருக்கிறேன்”களில் ஒன்று கேட்ஸுடையது. முடிவு தெரிந்ததும் மெக்கார்த்தி அவையின் பின்வரிசைக்கு நடந்துபோய் அவரிடம் பேசினார். பக்கத்தில் நின்ற அலபாமா உறுப்பினர் மைக் ரோஜர்ஸ் கேட்ஸை நோக்கிப் பாய, இன்னொரு உறுப்பினர் அவர் வாயைப் பொத்திப் பின்னால் இழுத்தார். அவையைத் திங்கள்வரை ஒத்திவைக்க வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தபோதே மெக்கார்த்தி தரப்பினர் மனம் மாறி, “வேண்டாம்” என்பதற்கான சிவப்பு அட்டைகளோடு முன்னால் ஓடி வாக்கை மாற்றினார்கள். 15-ஆம் சுற்றில் எதிர்த்த ஆறு பேருமே “வந்திருக்கிறேன்” என்றார்கள். மொத்தம் 428, தேவை 215, மெக்கார்த்திக்கு அதே 216. கடைசிச் சுற்றில் அவருக்குப் புதிதாக ஒரு வாக்குகூட விழவில்லை.

அதிக வாக்கு வாங்கியவர் வெல்வார் என்ற எண்ணமும் தப்பு. ஆரம்பச் சுற்றுகளில் முன்னிலையில் இருந்தவர் ஜெஃப்ரிஸ். 1856-இல் 133-ஆம் சுற்றில் நத்தேனியல் பேங்க்ஸ் அப்படி வென்றார் என்றால், அதற்கென்று அவை தனியே தீர்மானம் போட்டது.

பதவி நீக்கத் தீர்மானம் மட்டுமே ஆயுதம் என்று நம்புவது

ஜனவரிப் பேரத்தில் கிளர்ச்சியாளர்கள் வாங்கியதில் எல்லோர் கண்ணிலும் பட்டது, ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து சபாநாயகரை நீக்கத் தீர்மானம் கொண்டுவரலாம் என்ற விதி. (2019-இல் நான்சி பெலோசி காலத்தில், கட்சிக் கூட்டம் சொன்னால்தான் முடியும் என்று அதை இறுக்கியிருந்தார்கள்.) உரிய வடிவில் அறிவித்துவிட்டால் இரண்டு அவை நாட்களுக்குள் எடுத்தாக வேண்டும்.

அதைவிடக் கனமானது சத்தமில்லாமல் கைமாறியது: விதிகள் குழு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் முக்கியமான மசோதாக்கள் நேராக விவாதத்துக்கு வருவதில்லை. எத்தனை மணி நேரம் பேசலாம், எந்தத் திருத்தங்களை அனுமதிக்கலாம் என்று இந்தக் குழு முதலில் ஒரு நடைமுறைத் தீர்மானம் தயாரிக்கும். அவை அதற்கு வாக்களித்து நிறைவேற்றிய பிறகுதான் மசோதா மேசைக்கு வரும். குழுவில் 13 பேர்: ஆளும் தரப்பு 9, எதிர்த்தரப்பு 4. அந்த ஒன்பதில் மூன்று இடங்களைத் தாமஸ் மாஸி, சிப் ராய், ரால்ஃப் நார்மன் ஆகிய கடும் பழமைவாதிகளுக்குக் கொடுத்தார் மெக்கார்த்தி. மூவரும் எதிர்த்தரப்பின் நால்வரோடு சேர்ந்தால் ஏழுக்கு ஆறு. மசோதா வாசலிலேயே நின்றுவிடும்.

குழுவைத் தாண்டினாலும் அவையில் நடைமுறைத் தீர்மானத்துக்கு வாக்கு வேண்டும். மசோதா பிடிக்காவிட்டாலும் ஆளும் கட்சியினர் இந்த வாக்கெடுப்பில் மட்டும் கட்சியோடு நிற்பது நெடுநாள் வழக்கம். 2002-க்குப் பிறகு ஒன்றுகூடத் தோற்றதில்லை, 2023 ஜூன் 6 வரை. அன்று கடன் உச்சவரம்பு (அரசு வாங்கக்கூடிய கடனின் எல்லை) ஒப்பந்தத்தின் மேல் இருந்த கோபத்தில் ஒரு சிறு கூட்டம், எரிவாயு அடுப்பு தொடர்பான மசோதாக்களின் நடைமுறைத் தீர்மானத்தைக் கவிழ்த்தது: 206-க்கு 220. கவனியுங்கள், அந்த மசோதாக்கள் அவர்களுக்கே பிடித்தவை. ஆனாலும் அவை ஒரு வாரம் முடங்கியது. செப்டம்பரில் பாதுகாப்புத் துறை நிதி மசோதாவுக்கு இதே கதி ஒரே வாரத்தில் இரண்டு தடவை.

இந்த வாக்கெடுப்புகள் தலைப்புச் செய்தி ஆவதில்லை. ஆனால் தலைவரின் பிடி தளர்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல நாடி வேறு கிடையாது.

மிரட்டலே பாதி வேலையைச் செய்துவிடும் என்பதையும் மறந்துவிடுகிறோம். 2015 ஜூலை 28 அன்று பேனருக்கு எதிராக அவர் கட்சியின் மார்க் மெடோஸ் தாக்கல் செய்த தீர்மானம் உடனே எடுத்தாக வேண்டிய வடிவில்கூட இல்லை. குழுவுக்குப் போய்த் தூங்கியது. வாக்கெடுப்பே நடக்கவில்லை. ஆனால் செப்டம்பர் 25 அன்று பேனர் பதவி விலகுவதாக அறிவித்தார்.

அணி நினைத்தது நடந்துவிட்டது என்று முடிவுகட்டுவது

எங்கள் பார்வையில் அதிகம் கவனிக்கப்படாத தவறு இதுதான். தடுக்கிற பலம் வேறு, நடத்துகிற பலம் வேறு. சிறு அணி வாக்குகளைப் பிடித்து வைத்துக்கொண்டால், தலைவர் குறையும் வாக்குகளுக்கு எதிர்க்கட்சியிடம் போவார். அந்த வாக்குகளுக்கும் விலை உண்டு. மசோதா அந்தப் பக்கம் சாயும்.

2023 மே 31 அன்று கடன் உச்சவரம்பு மசோதா 314-க்கு 117 என்று நிறைவேறியது. ஆதரித்த ஜனநாயகக் கட்சியினர் 165, குடியரசுக் கட்சியினர் 149. செப்டம்பர் 30 அன்று அரசு முடங்காமல் இருக்கக் கொண்டுவந்த தற்காலிகச் செலவு மசோதாவுக்கு 209 ஜனநாயகக் கட்சியினர், 126 குடியரசுக் கட்சியினர். 2024 ஏப்ரலில் உக்ரைன் நிதி 311-க்கு 112. எதிர்த்த அந்த 112 பேருமே குடியரசுக் கட்சியினர், ஆதரித்த அக்கட்சியினர் 101. மூன்றுமே கடும் அணி எதிர்த்தவை, மூன்றுமே நிறைவேறின. அவர்கள் வென்றது பெரும்பாலும் நடைமுறையில்: குழு இடங்கள், மசோதாவைப் படிக்க 72 மணி நேரம், நீக்கத் தீர்மான விதி. 1923 டிசம்பரிலும் இதே கதைதான். முற்போக்குக் குடியரசுக் கட்சியினர் சபாநாயகர் தேர்தலில் ஃபிரெடரிக் கில்லெட்டை ஒன்பது சுற்று இழுத்தடித்து வாங்கியது விதி மாற்றங்களைத்தான்.

எதிர்க்கட்சியை வேடிக்கை பார்ப்பவராக வைப்பது

2023 அக்டோபர் 3 வாக்கு: நீக்க 216, வேண்டாம் 210. அந்த 216-இல் குடியரசுக் கட்சியினர் 8, ஜனநாயகக் கட்சியினர் 208. அந்த 208-இல் ஆறே பேர் “வந்திருக்கிறேன்” என்றிருந்தால் 210-க்கு 210. சமன் என்றால் தீர்மானம் தோல்வி. எட்டுப் பேரின் கத்திக்குக் கைப்பிடி கொடுத்தது எதிர்த்தரப்பு. ஏழு மாதம் கழித்து, 2024 மே 8 அன்று, மெக்கார்த்திக்குப் பின் சபாநாயகரான மைக் ஜான்சனை நீக்க அவர் கட்சியின் மார்ஜரி டெய்லர் கிரீன் தீர்மானம் கொண்டுவந்தபோது ஜனநாயகக் கட்சியில் 163 பேர் கிடப்பில் போட வாக்களித்தார்கள். 359-க்கு 43 என்று அது அடங்கியது.

கடும் அணிக்கு மட்டுமே இந்த வித்தை தெரியும் என்பதும் சரியில்லை. மெக்கார்த்திக்குப் பின் ஜோர்டன் நின்றபோது முதல் சுற்றில் 20, அடுத்து 22, அடுத்து 25 குடியரசுக் கட்சியினர் எதிர்த்தார்கள். பலர் மிதவாதிகளும் நிதி ஒதுக்கீட்டுக் குழுவினரும். தொலைபேசி மிரட்டல்கள் வரவர எதிர்ப்பு கூடியது. 22 நாள் நாற்காலி காலியாகவே கிடந்தது.

2025 ஜனவரியில் விதியை மாற்றினார்கள். நீக்கத் தீர்மானத்துக்கு ஆளும் கட்சியில் ஒன்பது பேர் சேர வேண்டும். ஜனவரி 3 அன்று ஜான்சன் மறுபடி நின்றார். அவையில் 434 பேர், தேவை 218. முதலில் மூன்று குடியரசுக் கட்சியினர் வேறு பெயர் சொல்ல, அவர் 216-இல் நின்றார். அவைக்குள் பேசிப் பார்த்து முடியவில்லை. சுற்று முடிந்ததாக அறிவிக்காமல் இழுத்துக்கொண்டே, மறுத்தவர்களில் நார்மனையும் கீத் செல்ஃபையும் வெளியே அழைத்துப் போனார்கள். அங்கே தொலைபேசியில் ட்ரம்ப் பேசினார். இருவரும் திரும்பி வந்து வாக்கை மாற்றினார்கள்: 218. மாறாமல் நின்றவர் மாஸி மட்டும்.