ஒருவருக்கு மட்டும் டிகிரி: தம்பதியாக வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போவது எப்படி?

மனைவி பி.ஏ. ஆங்கிலம், பி.எட். முடித்தவர். கணவர் பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு ஹோட்டலுக்கோ எஸ்டேட் ஆபீஸுக்கோ வேலைக்குப் போனவர். கான்வென்ட்டில் படித்ததால் ஆங்கிலம் மட்டும் தடங்கலில்லாமல் வரும். சில வீடுகளில் இது நேர்மாறாக இருக்கும். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இப்படிப்பட்ட தம்பதிகளுக்குக் குறைவே இல்லை. இருவரும் சேர்ந்து வெளிநாட்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா என்றால், போகலாம். ஆனால் பலரும் சம்பளம் எங்கே அதிகம் என்று பார்த்துத்தான் நாட்டை முடிவு செய்கிறார்கள். டிகிரி இல்லாதவர் அங்கே சட்டப்படி என்ன வேலை செய்யலாம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும். டிகிரி உள்ளவருக்கு ஏதாவது ஒரு வழி கிடைத்துவிடும். மற்றவர் வருடக்கணக்கில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் தம்பதிகளை ஊர் திரும்ப வைக்கிறது.

பெரும்பாலான நாடுகளில் ஏற்பாடு ஒன்றுதான். டிகிரி உள்ளவர் பெயரில் வேலை விசா, மற்றவர் அவரைச் சார்ந்தவர் என்ற டிபென்டென்ட் விசா. அந்த டிபென்டென்ட் வேலைக்குப் போகலாமா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். ஜப்பானில் குடிவரவு அலுவலகத்தில் தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்யலாம். ஹாங்காங்கில் வேலை விசாவில் இருப்பவரின் கணவனோ மனைவியோ தனி அனுமதியில்லாமலே வேலைக்குச் சேரலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் குடும்ப விசாவில் இருந்துகொண்டே, வேலை தரும் நிறுவனம் பெர்மிட் எடுத்துக் கொடுத்தால் போதும். ஆனால் குடும்பத்தை ஸ்பான்சர் செய்ய மாதம் 4,000 திர்ஹாம், அல்லது வீட்டு வசதியோடு 3,000 திர்ஹாம் சம்பளம் வேண்டும். சீனாவில் உடன் வருபவரின் எஸ்-1 விசாவில் வேலை செய்யவே கூடாது.

இன்னொரு விஷயத்தையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவரை, எவ்வளவு நன்றாக ஆங்கிலம் பேசினாலும், பல நாடுகள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராகக் கணக்கில் எடுப்பதில்லை. தென் கொரியாவின் ஈ-2 விசா பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய 7 நாட்டுக் குடிமக்களுக்கானது; நமக்கு அங்கே உள்ள வழி மிகக் குறுகல். ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்க, 12 ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததைக் காட்டச் சொல்வார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த ஒவ்வொரு பள்ளியிலும் பயிற்றுமொழிச் சான்று வாங்கி வையுங்கள். தாய்லாந்தில் டிகிரியோடு, டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் பொதுவாக 600 மதிப்பெண் கேட்பார்கள். டோயிக், ஐஎல்ட்ஸ் இரண்டுமே 2 ஆண்டுதான் செல்லும் என்பதால் முன்கூட்டியே எழுதிவைத்துப் பயனில்லை.

டிகிரி இல்லாதவரையும் ஆசிரியராகவே எடுக்கும் பள்ளிகள் கம்போடியாவில் இன்னும் இருக்கின்றன. 35 டாலர் கொடுத்து ஆர்டினரி விசாவில் நுழைந்து, பிறகு அதை வேலைக்கான ஈபி வகையில் நீட்டித்து, ஒர்க் பெர்மிட்டும் எடுக்க வேண்டும். 30 டாலர் டூரிஸ்ட் விசாவில் போய் இறங்கிவிட்டால் அதை வேலைக்கான நீட்டிப்பாக மாற்ற முடியாது. எந்த நாடானாலும் டூரிஸ்ட் விசாவில் வகுப்பெடுக்காதீர்கள். தாய்லாந்தில் பெர்மிட் இல்லாமல் வேலை செய்து பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், அதன்பின் நாடு கடத்தல். ஒருவர் மாட்டினால் மற்றவரின் வேலையும் ஆட்டம் காணும்.

இனி காகிதங்கள். மலையில் இருப்பவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆடி, ஆவணி ஈரத்தில் பீரோவுக்குள் இருக்கும் காகிதம்கூடப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், சான்றிதழ் கைக்கு வந்ததுமே லேமினேஷன் போட்டுவிடுகிறோம். அரசின் சான்றொப்பமான அட்டெஸ்டேஷன் முத்திரையும், சில நாடுகளுக்குத் தூதரக முத்திரைக்குப் பதிலாக வெளியுறவு அமைச்சகம் ஒட்டும் அப்போஸ்டில் ஸ்டிக்கரும் சான்றிதழின் பின்பக்கக் காகிதத்தில் நேரடியாக விழ வேண்டும்; பிளாஸ்டிக் மேல் மை ஒட்டாது. ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்துவிடலாம் என்று வீட்டில் முயலாதீர்கள். பல்கலைக்கழக முத்திரையும் பதிவாளர் கையெழுத்தும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். தாள் பழையதாக இருந்தால் பல்கலைக்கழகத்தில் டூப்ளிகேட்டுக்கு எழுதிப் போடுவதே நல்லது. அதற்கு மாதங்கள் ஆகும் என்பதால் முதல் வேலையாக இதைத் தொடங்குங்கள். ஈரத்துக்கு, ஜிப் வைத்த கெட்டி உறையில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வைத்தாலே போதும்.

அட்டெஸ்டேஷனுக்குப் படிகள் உண்டு: பல்கலைக்கழகத்தின் உண்மைத்தன்மைச் சான்று, சென்னையில் உயர்கல்வித் துறையின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகம். ஜப்பான், தென் கொரியா, 2023 நவம்பரிலிருந்து சீனா ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் போதும். அதற்கு அரசு கட்டணம் 50 ரூபாய்தான், மற்றதெல்லாம் ஏஜென்சியின் சேவைக் கட்டணம். அமீரகத்துக்குத் தூதரக முத்திரையும் வேண்டும். காவல்துறைச் சான்றான பிசிசியில் நாட்டின் பெயர் அச்சாகும் என்பதால், நாடு முடிவான பிறகே 500 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள். நீலகிரிக்கு கோவை பாஸ்போர்ட் அலுவலகம், கொடைக்கானலுக்கு மதுரை.

டிபென்டென்ட் விசாவுக்கு உயிர்நாடி திருமணச் சான்று. சர்ச்சிலோ கோயிலிலோ கொடுத்த காகிதம் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எல்லாத் திருமணத்தையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறவிட்டவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்து உடனே முடியுங்கள். அப்போது இனிஷியலைக் கவனியுங்கள். டிகிரியில் ‘ஆர். செல்வி’, பாஸ்போர்ட்டில் ‘செல்வி ராமசாமி’, திருமணச் சான்றில் கணவர் பெயரோடு ‘செல்வி மணி’ என்றிருந்தால், வெளிநாட்டு அதிகாரியின் கண்ணுக்கு இவர்கள் மூன்று பேர். இனிஷியல் விரிவு மட்டும்தான் வித்தியாசம் என்றால் நோட்டரி அஃபிடவிட்டில் சரிக்கட்டலாம். எழுத்தே மாறியிருந்தால் அரசிதழில் பெயர் மாற்றம் செய்து, பாஸ்போர்ட்டையும் மறுவெளியீடு வாங்கிவிடுங்கள்.

காகிதங்கள் நகர்ந்துகொண்டிருக்கும் மாதங்களில் டிகிரி இல்லாதவர் செய்ய வேண்டியது நிறைய. இணையத்தில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் ‘120 மணி நேர’ டெஃபல் (ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சி) சான்றுக்குப் பெரிய மதிப்பில்லை, அதில் நிஜ மாணவர் முன்னால் நின்ற நேரம் இருக்காது. கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு டிகிரி கட்டாயமில்லை. 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்தி மதிப்பீடு பெற வேண்டும், 4 எழுத்துப் பணிகள் உண்டு. செலவு அதிகம். ஆனாலும் டிகிரி இல்லாதவர் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அனுபவம் சேர்க்க இந்த மலைகளைவிட நல்ல இடம் அமையாது. லவ்டேல் முதல் கொடைக்கானல் வரை உறைவிடப் பள்ளிகள் நூறாண்டுக்கு மேலாக இருக்கின்றன. ஹாஸ்டல் வார்டன், நர்சரி உதவியாளர், மாலை நேர ஆங்கிலப் பேச்சு வகுப்பு என்று ஒரு வருடமாவது வேலை பார்த்து, எந்த வயதுப் பிள்ளைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். ‘நன்னடத்தை உள்ளவர்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் எதற்கும் உதவாது. வெளிநாட்டு உறைவிடப் பள்ளிகளில் ஒருவர் ஆசிரியர், மற்றவர் விடுதிப் பொறுப்பாளர் என்று தம்பதியாகவே எடுப்பதுண்டு; அதற்கு இந்த அனுபவம் நேராகப் பொருந்தும்.

டிகிரியையே முடித்துவிடுகிறேன் என்றால் இக்னோ என்ற மத்திய அரசின் தொலைநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.ஏ.வுக்குக் குறைந்தது 3 ஆண்டு. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு, நடுவில் கிளம்பிவிட்டால் அதற்காக ஊருக்கு வர வேண்டியிருக்கும். வளைகுடாவில் தொலைநிலைப் பட்டத்துக்குச் சிக்கல் வருவதுண்டு, போகும் நாட்டை மனதில் வைத்துச் சேருங்கள்.

ஏஜென்ட் வழியாகப் போனால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண்ணைப் பாருங்கள். சட்டப்படி அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். டெலிகிராமில் பேசி, மாதிரி வகுப்பு எடுக்கச் சொல்லாமல் டைப்பிங் வேகத்தைக் கேட்டு, விமான டிக்கெட்டும் தாமே அனுப்புகிறவர்கள் பள்ளி நடத்துபவர்கள் அல்லர். தாய்லாந்தில் வேலை என்று நம்பிப் போய் மியான்மாரின் மியாவாடியில் சைபர் மோசடிக் கும்பலிடம் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 2022-ல் மீட்கப்பட்டார்கள். கம்போடியாவிலும் இதே வலை விரிக்கப்பட்டிருக்கிறது. உண்மையான பள்ளி 15 நிமிடமாவது பாடம் நடத்தச் சொல்லும்.

நேர்முகத்தில் டிகிரி இல்லாததை மறைக்காதீர்கள், முதல் மின்னஞ்சலிலேயே எழுதிவிடுங்கள். ஒப்பந்தத்தில் இருவருக்கும் வீடு, இருவருக்கும் மருத்துவக் காப்பீடு, டிபென்டென்ட் விசாச் செலவு யாருடையது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். டிகிரி உள்ளவரின் வேலை போனால் மற்றவரின் விசாவும் அதோடு போகும். ஆகவே 3 மாதச் செலவுக்கான பணமும் திரும்பும் டிக்கெட் காசும் தனியாக இருக்க வேண்டும்.

தாய்லாந்துப் பள்ளிகள் மே மாதமும், ஜப்பானியப் பள்ளிகள் ஏப்ரலிலும் தொடங்குகின்றன. அதிலிருந்து 8 மாதம் பின்னோக்கி எண்ணிக் காகித வேலையைத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் பயணம் அமைந்தால் மேட்டுப்பாளையம் சாலையிலும் வத்தலக்குண்டு சாலையிலும் மண்சரிவு வரலாம். முதல் நாளே கீழே இறங்கித் தங்கிவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில் இருக்கட்டும்.