தெருவில் பெண்கள் சபை தொடங்குவது எப்படி? ரோஜாவா காட்டும் வழி

வட சென்னையில் தண்ணீர் லாரி வராவிட்டால் காலிக் குடத்தோடு முதலில் ரோட்டில் உட்காருவது பெண்கள்தான். ஆனால் தெருவுக்கு ஒரு முடிவு எடுக்கும்போது பேசுகிறவர்கள் வேறு ஆட்கள். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தாச்சு, இருந்தும் கவுன்சிலரம்மாவுக்குப் போன் போட்டால் அவர் வீட்டுக்காரர் எடுத்துப் பதில் சொல்கிற கதை நமக்குத் தெரியும். நாற்காலி மட்டும் கிடைத்தால் போதாது, அந்த நாற்காலிக்குப் பின்னால் பெண்களின் சபை ஒன்று நிற்க வேண்டும். வடக்கு சிரியாவில் குர்து இன மக்கள் அதிகம் வாழும் ரோஜாவா பகுதியில் பெண்கள் செய்தது இதைத்தான்.

சிரியாவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 2012 ஜூலையில் இந்தக் குர்துப் பகுதிகளிலிருந்து அரசுப் படை விலகியபோது, அங்கே தெரு அளவில் கொம்யூன் என்ற சபைகள் பரவின. ஒவ்வொரு சபைக்கும் ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு தலைவர்கள், நிர்வாகத்தில் பெண்கள் குறைந்தது 40 சதவீதம். 2014 செப்டம்பரில் அங்குள்ள கோபானி நகரத்தை ஐ.எஸ். பயங்கரவாத அமைப்பு முற்றுகையிட்டது. சண்டை முடியட்டும், பெண்கள் விஷயத்தை அப்புறம் பார்க்கலாம் என்று யாரும் காத்திருக்கவில்லை, முற்றுகை நடந்துகொண்டிருந்த அந்த நவம்பரிலேயே ரோஜாவாவின் இன்னொரு பகுதியான ஜசீராவில் பலதார மணத்தையும் குழந்தைத் திருமணத்தையும் தடை செய்து, சொத்தில் சம பங்கு தரும் சட்டம் போட்டார்கள்.

சரி, நம் தெருவுக்கு வருவோம். முதலில் பெண்கள் மட்டும் தனியாகக் கூடுங்கள், பொதுக்கூட்டம் அதற்குப் பிறகுதான். ஏனென்றால் மாமனார், மச்சான் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பாதிப் பேர் வாயே திறக்க மாட்டார்கள். நேரம் ரொம்ப முக்கியம்: காசிமேட்டில் மீன் விற்கும் அக்காக்களை ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டால் ஒருவர்கூட வர முடியாது, வியாபாரம் மந்தமான செவ்வாய் மதியம் பாருங்கள், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாதம் ஒருமுறை ராத்திரி எட்டு மணிக்கு மேல் இன்னொரு கூட்டம் வையுங்கள்.

பிறகு தெரு சங்கத்துக்கு இரண்டு தலைவர்கள் கேளுங்கள். பெண் தலைவரைப் பெண்கள் சபையே தேர்ந்தெடுக்கட்டும், இரண்டு கையெழுத்தும் இல்லாமல் மனுவோ பணமோ நகரக் கூடாது, அவருக்குப் பதிலாக அவர் கணவரோ மகனோ வந்து உட்காரக் கூடாது. இதில் ஒருமுறை விட்டுக்கொடுத்தால் அவ்வளவுதான், பழைய நிலைமைக்கே போய்விடும்.

குடும்பத் தகராறுகளை விசாரிக்க ரோஜாவாவில் மாலா ஜின் என்ற பெண்கள் மையங்கள் உண்டு, முதலாவது 2011-ல் காமிஷ்லி நகரத்தில் திறந்தது. அனுபவப்பட்ட பெண்கள் உட்கார்ந்து இரு தரப்பையும் கேட்பார்கள், தீராவிட்டால் வழக்கு நீதிமன்றம் போகும். நாம் இங்கே கவனமாக இருக்க வேண்டும், இது கட்டப்பஞ்சாயத்து ஆகிவிடக் கூடாது. அபராதம் போடாதீர்கள், அடி வாங்கிய பெண்ணிடம் அனுசரித்துப் போ என்று சொல்லவே சொல்லாதீர்கள். உடனே பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடமோ மகளிர் காவல் நிலையத்துக்கோ கூடவே போங்கள். தனியாக அனுப்பாதீர்கள்.

சொத்துக்கு ஒரு கூட்டம் முழுசாக ஒதுக்கலாம். குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, ஆனாலும் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதி அண்ணன் நீட்டுகிற விடுதலைப் பத்திரத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு வக்கீலைக் கூப்பிட்டு அந்தப் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள்.

ரோஜாவாவில் எல்லாம் சரியாக நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரே கட்சியின் பிடி, எதிர்க்கட்சிக்காரர்களைக் கைது செய்தது, சிறுவர்களைப் படையில் சேர்த்தது என்று நியாயமான புகார்கள் உண்டு. அதனால் உங்கள் சபையை எந்தக் கட்சியின் மகளிர் அணியாகவும் ஆக்கிவிடாதீர்கள், எல்லாக் கட்சி வீட்டுப் பெண்களும் வந்து போகட்டும்.

கடைசியாக, வார்டு பகுதி சபைக் கூட்டத்துக்குக் கும்பலாகப் போங்கள். தெருவிளக்கு, கழிப்பறை, குடிநீர் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மனு எழுதி, பெண் தலைவரே எழுந்து படிக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதீர்கள், அதன் நகல் பெண்கள் சபை நோட்டில் இருக்கட்டும், அடுத்த செவ்வாய் அந்த நோட்டை வைத்து இரண்டு தலைவர்களிடமும் கணக்குக் கேளுங்கள்.