நடைபாதையில் வசிக்கும் குழந்தையை நடுவருடத்தில் பள்ளியில் சேர்ப்பது எப்படி?

சென்னை பாரிமுனைப் பக்கம் நடைபாதையில் வசித்துக்கொண்டு பூக்கட்டி விற்கும் ஓர் அம்மாவின் மகளை 2024 அக்டோபரில் நாலாம் வகுப்பில் சேர்த்தோம். மூன்று நாளில் முடிந்திருக்க வேண்டியது, மூன்று வாரம் இழுத்தது. ஆதார், ரேஷன் கார்டு, முகவரிச் சான்று என்று ஒவ்வொன்றாகத் தேடியதிலும், பழைய பள்ளியின் டி.சி.க்கு (மாற்றுச் சான்றிதழ்) அலைந்ததிலும்தான் அவ்வளவு நாளும் போனது. நீங்கள் அந்த வழியில் போகாதீர்கள். குழந்தை முதலில் வகுப்பில் உட்காரட்டும், காகிதமெல்லாம் அப்புறம். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

பள்ளி: பக்கத்தில் இருக்கும் மாநகராட்சி அல்லது அரசுப் பள்ளிக்கே போங்கள். தனியார் பள்ளியில் ஏழைப் பிள்ளைகளுக்கு 25 சதவீத இடம் இருக்கிறதே என்பார்கள்; அது நுழைவு வகுப்புக்கு மட்டும், இருப்பிடச் சான்றும் கேட்பார்கள், நடுவருடத்துக்கு உதவாது. அதைவிட முக்கியமான காரணம், அரசு தொடக்கப் பள்ளியில் கிடைக்கும் காலை உணவு. அம்மா விடிகாலையிலேயே கோயம்பேட்டுக்குப் பூ எடுக்கப் போய்விடும்போது அந்தச் சூடான உப்புமா எவ்வளவு பெரிய விஷயம் என்று நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

வயது: பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. மருத்துவமனைப் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு எதுவும் இல்லாவிட்டால் பெற்றோரே வயதைச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். வெள்ளைத்தாளில் நானே எழுதினேன், அம்மா கைநாட்டு வைத்தார். தேதி கேட்டபோது, “வெள்ளம் வந்துச்சேக்கா, அதுக்கு ரெண்டு நாள் முந்தி, ஆர்எஸ்ஆர்எம்ல பொறந்தா” என்றார். 2015 டிசம்பர் வெள்ளம்! அரசு ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பிறப்பு பதிவாகியிருக்குமே என்று பிறகுதான் உறைத்தது. தேடினோம், இருந்தது, குழந்தையின் பெயர் மட்டும் காலியாக இருந்தது. 15 வயது வரை பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பண்டிகைக்குப் பக்கத்தில் என்று கேளுங்கள், அம்மாக்கள் மறப்பதில்லை.

முகவரிக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். சாலைப் பெயர் போட்டு, ‘நடைபாதை, இன்ன கடைக்கு எதிரில்’ என்று உள்ளதையே எழுதுங்கள். ஆதார் இல்லாவிட்டாலும் சேர்க்க வேண்டும், உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது.

இனி டி.சி. நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். இவள் இரண்டாம் வகுப்பு வரை வேறு பகுதியில் படித்தவள். பழைய பள்ளியில் டி.சி. வாங்கவில்லை. எமிஸ் என்பது பள்ளிக் கல்வித் துறையின் இணைய மாணவர் பதிவு; பள்ளி மாறும் பிள்ளையின் பதிவைப் பழைய பள்ளி விடுவிக்கும் பொதுப் பட்டியல்தான் காமன் பூல். புதிய பள்ளியில் “எமிஸ் நம்பர் பழைய ஸ்கூல்லயே இருக்கு, அவங்க காமன் பூலுக்கு விட்டாதான் நாங்க எடுக்க முடியும்” என்று திருப்பி அனுப்பினார்கள், பழைய பள்ளிக்குப் போனால் “அம்மாவே வரணும்” என்றார்கள், அம்மா வந்தால் அன்றைய வியாபாரம் போச்சு. இப்படியே இரண்டு வாரம். சட்டத்தின் 5ஆம் பிரிவைப் படித்த பிறகுதான் தெளிவு வந்தது: டி.சி. தாமதத்தைக் காட்டி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. எமிஸ் மாற்றம் இரண்டு பள்ளிகளுக்குள் நடக்க வேண்டிய வேலை, அதற்காகப் பிள்ளை வெளியில் நிற்க வேண்டியதில்லை. மறுநாள் போய் இதைத்தான் சொன்னேன்: “டீச்சர், பிள்ளை இன்னைக்கு உட்காரட்டும். முடியாதுன்னா காரணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துடுங்க.” தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வருகைப் பதிவேட்டை எடுத்துவரச் சொன்னார்.

எல்லா இடத்திலும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகளுக்கான 1098 இரண்டிலும் பேசுங்கள். அதோடு நிறுத்தாமல் உள்ளாட்சிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். நான் வாட்ஸ்அப்பை நம்புவதில்லை. தாளில் எழுதி, நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ முத்திரை வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். ஒன்று உங்களிடமே இருக்கட்டும், ஏனென்றால் நடைபாதையில் ஒரு மழை போதும், மொத்த மூட்டையும் போய்விடும்.

இடைவெளி விட்ட பிள்ளையைக் கீழ் வகுப்பில் போடலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். வயதுக்கேற்ற வகுப்பும், விட்டதைப் பிடிக்கச் சிறப்புப் பயிற்சியும் அவளுடைய உரிமை, 4ஆம் பிரிவு. அந்தப் பயிற்சிக்கு வட்டார வள மைய ஆசிரியர் பயிற்றுநரைத் தலைமையாசிரியர் வழியாகவே கேளுங்கள்.

சேர்ந்த பிறகு ஒன்று செய்யுங்கள், வகுப்பாசிரியரிடம் தனியாகப் பேசுங்கள். முதல் வாரமே இவள் மூன்று நாள் தாமதம், வாசலில் நிற்க வைத்துவிட்டார்கள். காலையில் பொதுக் கழிப்பறையில் வரிசை, குளித்துவிட்டு வர நேரமாகிவிடுகிறது. அதை அவள் மற்ற பிள்ளைகள் முன்னால் எப்படிச் சொல்வாள்? டீச்சருக்குத் தெரிந்ததும் நிறுத்தி வைப்பது நின்றது, சாயங்காலம் வீட்டுப்பாடத்தை வகுப்பிலேயே முடித்துவிட்டுப் போகவும் விட்டார்.

பிற்சேர்க்கை: பெரும்பாக்கம், கண்ணகி நகர் மாதிரி மறுகுடியமர்வுக் குடியிருப்புகளுக்கு நடுவருடத்தில் குடும்பத்தையே மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். பழைய பள்ளியிலேயே தொடரலாம், மாநகரப் பேருந்தில் மாணவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அங்கேயிருந்து பாரிமுனைக்குத் தினமும் போய்வருவது சின்னப் பிள்ளைகளால் ஆகாது. தொடக்கப் பள்ளிப் பிள்ளையென்றால் உடனே அங்கேயே சேர்த்துவிடுங்கள், பத்தாம் வகுப்பென்றால் பரீட்சை முடியும்வரை பழைய பள்ளியை விடாதீர்கள். பள்ளியை மாற்றுவதானால், வண்டியில் சாமான் ஏற்றும் முன் டி.சி.யைக் கையில் வாங்கிவிடுங்கள்.