விடுமுறைக் கூட்டமும் புயலும் வருவதற்குள் ஸ்கீயிங் (பனிச்சறுக்கு) போகிறீர்களா?

விடுமுறை தொடங்க இன்னும் நான்கைந்து நாள் இருக்கிறது, அதற்கு முன்னால் ஒரு பனிப்புயல் வரும் என்று முன்னறிவிப்பும் சொல்கிறது என்றால், இடையில் கிடைக்கும் அந்த இரண்டு மூன்று நாட்களை விட்டுவிடாதீர்கள். புதுப் பனி விழட்டும், அப்புறம் போகலாம் என்றுதான் பலரும் காத்திருப்பார்கள், ஆனால் புதுப் பனியோடு கூட்டமும் வந்துவிடும். ஸ்கீயிங் நன்றாகக் கைவர வேண்டும் என்றால் நமக்குத் தேவை காலியான சரிவுதான்.

நம்மைச் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் திறப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். பனியைச் சமப்படுத்தும் வண்டிகள் இரவெல்லாம் ஓடியிருக்கும், சரிவு நெடுக சீப்பால் வாரிவிட்டது போல மெல்லிய கோடுகள் தெரியும். கூட்ட நாளில் அது சீக்கிரமே கலைந்துவிடும், இந்த நாட்களில் ஓரங்களில் வெகுநேரம் மிச்சமிருக்கும். அதன்மேல் முதல் திருப்பம் எடுக்கும்போது உள்ளங்காலில் ஒரு சின்ன அதிர்வு வரும் பாருங்கள், எனக்கு இத்தனை வருடத்தில் அது ஒருமுறைகூடச் சலித்ததில்லை.

சீசன் தொடக்கத்தில் பல இடங்களில் இயந்திரம் தூவிய பனிதான் அதிகம் இருக்கும். இது இயற்கைப் பனியைவிட அடர்த்தியானது, கெட்டியானது. ஸ்கீயின், அதாவது சறுக்குப் பலகையின், விளிம்பு மழுங்கியிருந்தால் பிடிமானமே கிடைக்காது. அதனால் முந்தைய நாளே கடையில் கொடுத்து விளிம்பைத் தீட்டி, மெழுகு பூசி வாங்கிவிடுங்கள். பூட்ஸை ஸ்கீயோடு பிணைத்து, விழும்போது கழற்றிவிடும் பூட்டான பைண்டிங்கையும் அப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். எடை, உயரம், வயது, பூட்ஸின் அடி நீளம், ஸ்கீயிங் திறமை எல்லாவற்றையும் கேட்டுத்தான் அதை அமைப்பார்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எடையைக் குறைத்துச் சொன்னால் வேண்டாத நேரத்தில் கழன்றுகொள்ளும், திறமையைக் கூட்டிச் சொன்னால் விழும்போது கழலாமல் முழங்காலைப் பதம் பார்த்துவிடும். சமப்படுத்திய பாதையை விட்டு வெளியே போகாதீர்கள். மெல்லிய பனிக்குக் கீழே கல்லும் மரக்கட்டையும் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும்.

இனி, நிறையப் பேர் கவனிக்காத விஷயம். கூட்ட நாளில் லிஃப்ட் வரிசையில் நிற்கிறோமே, அந்த நேரம்தான் கால்களுக்கு ஓய்வு. வரிசையே இல்லாத நாளில் இறங்கியதும் ஏறுகிறோம், ஏறியதும் இறங்குகிறோம், ஒரு முழு நாளில் போகிற தூரத்தைப் பதினோரு மணிக்கே முடித்துவிடுகிறோம். எனக்கு அப்படி ஒருநாள் பன்னிரண்டு மணி வாக்கில் தொடை நடுங்க ஆரம்பித்தது, இன்னும் ஒரே ஒரு தடவை என்று ஏறினேன், பாதிச் சரிவில் கால் சொன்னபடி கேட்கவில்லை, விழுந்து தோளில் அடிபட்டது. நான்கு ஐந்து தடவை இறங்கியதும் ஒருமுறை பசிக்காவிட்டாலும் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள். தொடை எரிய ஆரம்பித்தால் அன்றைக்கு வேகத்துக்கு முற்றுப்புள்ளி, சுலபமான சரிவுக்கு மாறிவிடுங்கள்.

ஓய்வை இப்படிக் கணக்கில் வைத்துக்கொண்டால், காலிச் சரிவு கற்றுக்கொள்ள அருமையான இடம். ஒரே சரிவில் திரும்பத் திரும்ப இறங்குங்கள், ஒரு தடவைக்கு ஒரு விஷயம் மட்டும். முதலில் கீழ்ப்பக்கக் காலில் முழு எடையும் இருக்கிறதா என்று பாருங்கள், அடுத்த தடவை கைகள் முன்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னால் யாரும் விரட்டாததால் நிதானமாகச் செய்யலாம். ஆனால் யாருமில்லை என்று வேகத்தை ஏற்றாதீர்கள், நீங்கள் விழுந்தாலும் பார்க்க ஆளிருக்காது. ஒரு துணையோடு போங்கள். மீட்புக் குழுவின் எண்ணைப் போனில் சேமித்து, போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும்.

புயல் நெருங்குவதை வானத்திலேயே பார்க்கலாம். சூரியனைச் சுற்றி வெளிறிய வட்டம் தெரிந்தால் மெல்லிய உயர்மேகம் பரவுகிறது என்று பொருள், பின்னாலேயே பனியோ மழையோ வர வாய்ப்புண்டு. அப்புறம் மேகம் கெட்டியாகி நிழலே இல்லாமல் போகும், மேடும் பள்ளமும் ஒரே வெள்ளையாகத் தெரியும். அப்போது மரங்களுக்கு நடுவே போகும் பாதைகளுக்கு இறங்கிவிடுங்கள், மரங்களை வைத்துச் சரிவைக் கணிக்க முடியும். மஞ்சள் அல்லது ரோஸ் நிறக் கண்ணாடி இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள். காற்றையும் லேசாக நினைக்காதீர்கள். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்றடித்தால் உடம்புக்கு மைனஸ் 20 போலத்தான் இருக்கும். உச்சிக்குப் போகும் லிஃப்ட்களைத்தான் பெரும்பாலும் முதலில் நிறுத்துவார்கள், அதனால் மேல் சரிவுகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். மலையின் மறுபக்கம் போயிருந்தால், திரும்பி வரும் லிஃப்ட் ஓடும்போதே வந்துவிடுங்கள்.

புயல் தொடங்கியதும் புதுப் பனி ஆசையில் ஸ்கீயிங் பகுதியின் எல்லையில் கட்டியிருக்கும் கயிற்றைத் தாண்டவே தாண்டாதீர்கள். மலையில் சேர்ந்த பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவுகள் அதிகம் நடப்பது புயலின்போதும் அது முடிந்த கையோடும்தான். சாலையில் பனி சேரும் முன்பே கிளம்புங்கள், கடைசி லிஃப்ட் வரை இருக்க வேண்டாம். வந்து சேர்ந்ததும் பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றி அடுப்புக்கும் ஹீட்டருக்கும் கொஞ்சம் தள்ளிக் காயவையுங்கள், ஈரத்தோடு விட்டால் மறுநாள் காலையில் பாதம் முதல் தடவை இறங்கும்போதே விறைத்துவிடும்.