துரு ஏறுன பழைய சவரக்கத்திய மறுபடி சவரத்துக்குக் கொண்டு வர்றது எப்படி

நம்ம செங்கோட்டைப் பக்கம் ஆனி ஆடில சாரல் விழ ஆரம்பிச்சா துணி காயாது, தீப்பெட்டி நமுத்துப் போகும், இரும்புச் சாமானுக்கு ரெண்டே நாள்ல செம்புள்ளி வந்துரும். அதனால இங்க பழைய வீட்டுப் பரண்ல சவரக்கத்தி ஒண்ணு கெடச்சா பெரும்பாலும் துருவோடதான் கெடைக்கும். நான் சொல்றது சலூன்ல இப்ப பாதி பிளேடு சொருகி சவரம் பண்றாங்கல்லா, அது இல்ல. முழுசும் ஒரே இரும்பு, மடக்குனா பிடிக்குள்ள போய் ஒதுங்குற பழைய கத்தி. இப்ப நான் சவரம் பண்றது புனலூர்ல ஒரு ஆக்ரிக் கடையில (பழைய இரும்புக் கடைய அங்க அப்படித்தான் சொல்வாங்க) எடைக்குப் போட்ட சாமானுக்கு நடுவுல கெடந்தது.

அதுக்கு முன்னாடி ஒரு நல்ல கத்திய நான் கெடுத்துட்டேன், எங்க தாத்தாவோடது, இப்பவும் நினைச்சா மனசு கஷ்டமா இருக்கு. சீக்கிரம் பளபளன்னு ஆகணும்னு டிரில்லுல பஃப் சக்கரத்த மாட்டி வச்சுத் தேச்சேன், அஞ்சாறு செகண்டுதான் இருக்கும், வாய்ப் பக்கம், அதான் வெட்டுற ஓரம், மயில் கழுத்து மாதிரி நீலம் ஓடிருச்சு. அந்த நீலம் வந்துச்சுன்னா இரும்பு 300 டிகிரி பக்கம் சூடாயிருச்சுன்னு அர்த்தம், கத்திக்குக் குடுத்திருந்த பதம் அத்தோட போச்சு, அப்பறம் எத்தன தடவ தீட்டுனாலும் ரெண்டு இழுப்புல மழுங்கிரும். அதனால மெஷின் எதுவும் வேண்டாம், எல்லாம் கையாலதான். பளபளப்பு முக்கியமே இல்ல, இருக்கிற இரும்ப மிச்சம் பிடிக்கிறதுதான் வேல.

மொதல்ல கத்திய நல்லா பாருங்க. வெளிச்சத்துல வாய்ப் பக்கத்த திருப்பித் திருப்பிப் பாருங்க, விரிசல் இருந்தா விட்டுருங்க, அது சவரத்துக்கு ஆகாது. சின்னச் சின்ன பொக்கை இருந்தா தீட்டி எடுத்துரலாம், ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஆழமா போயிருந்தா புதுசா கத்துக்கிறவங்களுக்கு வேண்டாம். உடம்புல கருப்பா குழி இருந்தா பரவால்ல, அதே குழி வாய் ஓரத்துல இருந்தா தீட்டத் தீட்ட அங்கதான் உடையும். கழுத்துல, அதான் கத்தி பிடியோட சேர்ற எடத்துல, என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஷெஃபீல்டு, சோலிங்கன்னு இருந்தா நல்ல கத்தியா இருக்க வாய்ப்பு அதிகம், ஒண்ணு இங்கிலாந்து, இன்னொண்ணு ஜெர்மனி, ரெண்டுமே கத்திக்குப் பேர் போன ஊரு. ஷெஃபீல்டுல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்ததே 1913ல தான், அந்தக் காலத்துச் சவரக்கத்தி எல்லாம் கார்பன் ஸ்டீல், துரு பிடிக்கிறதும் அதனாலதான், அவ்வளவு நைசா கூர் ஏறுறதும் அதனாலதான்.

பிடி என்னன்னும் பாக்கணும். மாட்டுக்கொம்பு, மரம், தந்தம் எல்லாம் உண்டு, ஆனா நெறய கத்திக்கு செல்லுலாய்டு. கட்டைவிரலால வேகமா தேச்சு மோந்து பாருங்க, சன்னதில சூடம் கொளுத்துன மாதிரி ஒரு வாசம் வரும், ஏன்னா செல்லுலாய்டு செய்றதே கற்பூரம் சேத்துத்தான். இது சட்டுனு தீப்பிடிக்கும், அதனால அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டு போகாதீங்க. பழசாகி மக்க ஆரம்பிச்சா அதுலருந்து ஆசிட் ஆவி வந்து கத்தியவே அரிக்கும். பிடி வெடிச்சு, பிசுபிசுன்னு இருந்து, அதுக்கு நேரா மட்டும் கத்தில துரு இருந்தா காரணம் அந்தப் பிடிதான், அத மாத்தாம கத்தியச் சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல, தெரிஞ்சவங்ககிட்ட குடுத்து வேற பிடி போட்டுக்கோங்க.

இனி சுத்தம் பண்றது. யாரு மொகத்துல பட்ட கத்தின்னு தெரியாதுல்லா, சோப்புத் தண்ணி, பழைய டூத் பிரஷ் வச்சுத் தேச்சுக் கழுவி உடனே தொடச்சிருங்க, அப்பறம் பஞ்சுல ஸ்பிரிட் தொட்டு இரும்ப மட்டும் தொடைங்க, செல்லுலாய்டுல பட்டா அது இளகிரும். பிளீச்சிங் தண்ணி வேண்டவே வேண்டாம், இரும்ப அரிச்சிரும். நம்ம ஆளுங்களுக்கு விளக்குன்னா புளி, துருன்னா வினிகர்னு கை தானா போகும், குத்துவிளக்குக்கு அது சரி, இதுல அந்தப் புளிப்பு இரும்பையும் சேத்துத் தின்னு சாம்பல் கலரா ஆக்கிரும்.

துருவுக்கு தையல் மெஷின் எண்ணெய் போதும். நல்லா பூசி ஒரு ராத்திரி வச்சிருங்க. தேங்காண்ணெய் கைக்குப் பக்கத்துல இருக்கும், ஆனா நாள்பட காறலெடுத்துப் பிசுக்கு கட்டும், அதனால நான் போடுறதில்ல. மறுநாள் கத்திய மேசை ஓரத்துல படுக்க வச்சு, புது ஷேவிங் பிளேடு ஒண்ணக் கிட்டத்தட்ட படுத்தாப்புல பிடிச்சு, துருவ மட்டும் மெதுவா சொரண்டுங்க. அப்பறம் பெயிண்ட் கடையில கேட்டா கெடைக்கிற வாட்டர் பேப்பர், 600 நம்பர்ல ஆரம்பிச்சு 1000, 1500, 2000 (நம்பர் கூடக் கூட நைசு), எண்ணெய் தொட்டு, ஒரு கார்க்குல சுத்தி வச்சு. எப்பவும் முதுகுல இருந்து வாய்ப் பக்கமா இழுத்து வெளிய விடணும், வாய்க்கு எதிரா விரல் போகவே கூடாது, நீளவாக்குலயும் போகக் கூடாது, துணில தொடைக்கும்போதும் இதே கணக்குதான். கத்தி மேல தங்கக் கலர்ல எழுத்தோ பூ வேலையோ இருந்தா அந்த எடத்தத் தொடாதீங்க, ரெண்டு தேய்ப்புல காணாம போயிரும். செந்துரு போனதும் நிறுத்திருங்க. கருப்பா ஒரு படலம் மிச்சம் நிக்கும், அது கெடுதல் இல்ல, அப்படியே இருக்கட்டும்.

மடக்குற எடத்துல ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நூல உள்ள விட்டு ரெண்டு பக்கமும் இழுத்தா அழுக்கு வந்துரும். ரிவிட்ட தட்டிக் கழட்டாதீங்க, மொத கத்தில அந்த வேல தேவையில்ல.

தீட்டுறது தான் பொறுமை வேணும். தெருவுல வர்ற சாணைச் சக்கரத்துல குடுத்துராதீங்க, மறுபடி அந்த நீலம்தான். தட்டையான தண்ணிக் கல்லு வேணும், பொக்கை இருந்தா 1000 நம்பர், இல்லன்னா 4000, அப்பறம் 8000, முடிஞ்சா 12000. முதுகும் வாயும் ரெண்டும் ஒரே நேரத்துல கல்லுல படியணும், கோணத்த முதுகே பாத்துக்கும், நீங்க தூக்கிப் பிடிக்க வேண்டாம். முதுகுல ஒரு சுத்து எலெக்ட்ரிக் டேப் ஒட்டிட்டா அது தேயாது. வாய் ஓரத்துல மார்க்கர் பேனாவால கோடு போட்டு ரெண்டு இழுப்பு இழுத்துப் பாருங்க, மை எங்க அழியலையோ அங்க கல்லு படலன்னு அர்த்தம், அத வச்சு கைய சரி பண்ணுங்க. வாய் முன்னாடி போற மாதிரி தள்ளணும், அமுக்கவே கூடாது, கத்தியோட கனமே போதும். கை ரோமத்த மேலாப்புல தொட்டாலே வெட்டுச்சுன்னா அடுத்த கல்லுக்குப் போகலாம்.

கடைசியா தோல் வார், அதாவது தீட்டுன கத்திய இழுத்து கூர நைசாக்குற தோல் பட்டை. பழைய ஜீன்ஸ் துணில இருபது, தோல்ல ஒரு அம்பது தடவ. இங்க திசை மாறும், முதுகு முன்னாடி போகணும், வாய் பின்னாடி வரணும், திருப்பும்போது முதுகு மேலயே உருட்டித் திருப்புங்க, வாய்ப் பக்கமா திருப்புனா தோலும் வெட்டும், கூரும் போகும்.

மொத நாளு கன்னத்த மட்டும் எடுங்க, வெந்நி ஒத்தடம் குடுத்து, தோல இழுத்துப் பிடிச்சு, கத்திய 30 டிகிரி போல சாய்ச்சு. தாடைக்கும் மீசைக்கும் ஒரு மாசம் போகட்டும். முடிச்சதும் கழுவி, துணியால ஒத்தி எடுத்து, திறந்தபடியே ஒரு மணி நேரம் காய விட்டு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி வைங்க, தோல் உறைல மட்டும் போடாதீங்க, அது ஈரத்தப் பிடிச்சு வச்சுக்கும். சாரல் மாசத்துல நான் ஞாயித்துக்கிழமை தோறும் எடுத்துத் தொடச்சு மறுபடி எண்ணெய் போட்டுத்தான் வைக்கிறேன்.