தொட்டும் தெரியாத பிள்ளை: பெற்றோர் விடும் பிழைகள்

"மெல்ல எழுது" என்று அதட்டினால் பென்சில் கூர் உடையாது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. சில பிள்ளைகளுக்கு எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரிவதில்லை. கொப்பித் தாளின் மறுபக்கம் எழுத்துப் புடைத்து நிற்கும். இரண்டு வரியிலேயே கை நொந்துவிடும். தோலும் தசையும் அனுப்பும் செய்தியைப் பிரித்தறிவதில் மூளைக்கு உள்ள தடுமாற்றம் இது. குழப்படி என்று இன்னும் நாலு பக்கம் எழுதவிட்டால் கை நோவுதான் மிச்சம். தாளுக்குக் கீழே துவாயை மடித்து வையுங்கள். அழுத்தினால் தாள் கிழியும். எவ்வளவு போதும் என்று கை மெல்லப் பழகும்.

பைக்குள் கைவிட்டு அழிறப்பரை எடுக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் பாயில் கொட்டுவது, குனிந்து பார்த்தால்தான் சேட்டுத் தெறி பூட்ட முடிவது, சலம் முட்டியது கடைசி நேரம் வரை தெரியாதது எல்லாம் இதே வகைதான். ஒன்றிரண்டு எந்தப் பிள்ளையிடமும் இருக்கும். அதற்குரிய வயது தாண்டியும், வீட்டிலும் முன்பள்ளியிலும் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

கண்ணையும் காதையும் சோதிக்காமல் இதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். 'கல்', 'பல்' மாறிக் கேட்கும் பிள்ளைக்கு, சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லி வைத்தியரைப் பாருங்கள். எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏறிப் போய்வர ஒரு நாள் முழுதும் போய்விடும். அதனால் கொப்பியையும், தெறி பூட்டும்போது போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பிள்ளை எதையும் செய்துகாட்டாமல் விடலாம்.

வீட்டுப் பயிற்சியில் பலர் விடும் பிழை, பிள்ளையைப் பார்க்கவிடுவது. கண் உதவினால் கைக்கு வேலை இல்லை. பனையோலைப் பெட்டியில் அரிசி நிரப்பி, சாவியையும் புளியங்கொட்டையையும் புதையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, கேட்டதை எடுக்கட்டும். பிழைத்தால் ஏசாமல், பார்த்துத் தொட்டுவிட்டு மறுபடி தேடவிடுங்கள். அது சரிவந்த பிறகு தெறியும் சில்லறைக் காசும் போல ஒத்தவற்றுக்குப் போகலாம். எதையும் வாயில் போடும் வயதுப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு வேண்டாம்.

அரிசியைத் தொடவே கூசும் பிள்ளையின் கையைப் பிடித்து அமுக்காதீர்கள். அது கூருணர்ச்சி, அதாவது சின்னத் தொடுகையும் அளவுக்கு மீறி உறைப்பது; வேறு சிக்கல். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருக்கவும் கூடும். அப்புறம், ஞாபகசக்தி டொனிக். இதற்கென்று மருந்து எதுவும் இல்லை. அந்தக் காசு பஸ்ஸுக்கு உதவும்.