கருமருந்து ரிவால்வர்: குண்டு சைஸில் நடக்கும் தப்புகள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், படகு எஞ்சினின் சிலிண்டர் துளையைக் கடைந்து போர் போடும் எங்கள் லேத் பட்டறைக்குத் துப்பாக்கி வேலை வந்ததில்லை, வரவும் கூடாது. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் இங்கே அதை வைத்திருக்க முடியாது. ஆனால் கீழக்கரைப் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் அமெரிக்காவில் செட்டிலாகி, லீவு நாளில் ரேஞ்சுக்குப் போய்ப் பழைய மாடல் கருமருந்து (பழங்காலக் கறுப்பு வெடிமருந்து) ரிவால்வர் சுடுகிறார்கள். "காக்கா, எந்த சைஸ் குண்டு வாங்குறது?" என்று வாட்ஸப் வரும். அளவு என்றால் லேத்துக்காரனைத்தானே கேட்பார்கள்.

பெயரை நம்பி வாங்குவதுதான் முதல் தப்பு. 44 என்று போட்டிருப்பதால் 0.44 அங்குலக் குண்டு தேடக்கூடாது. 1858 ரெமிங்டன், 1860 கோல்ட் ஆர்மி மாடல்களின் இன்றைய நகல்களுக்கு வழக்கமாகப் போடுவது 0.451 அல்லது 0.454. ரூகர் ஓல்ட் ஆர்மிக்கு 0.457. 36 ரகமான கோல்ட் நேவிக்கு 0.375, சிலவற்றுக்கு 0.380.

இதில் தோட்டா கிடையாது. சிலிண்டரின் ஒவ்வொரு அறையிலும் முன்பக்கமாக மருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள லீவரால் அழுத்த வேண்டும். குண்டு அறையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஓரம் சீவப்பட்டு, மெல்லிய ஈய வளையம் ஒன்று கழன்று விழும். அந்த வளையத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். சுற்றிலும் அறுபடாமல் இருந்தால் அடைப்பு சரி. ஒரு பக்கம் மட்டும் சீவியிருந்தால் குண்டு கோணலாக இறங்கியிருக்கலாம். வளையமே வரவில்லையென்றால் குண்டு லூஸ். சுடும் உதறலில் மற்ற அறைகளின் குண்டுகள் முன்னால் நகர்ந்து சிலிண்டர் சுழலாமல் மாட்டிக்கொள்ளும். அதைவிட ஆபத்து, சந்து வழியே நெருப்பு புகுந்து பக்கத்து அறையும் சேர்ந்து வெடிப்பது. மேலே கிரீஸ் தடவினால் போதும் என்பவர்கள் உண்டு. கிரீஸ் கூடுதல் காவல்தான், லூஸ் குண்டுக்குப் பரிகாரமல்ல. பின்பக்கம் அடிபட்டுப் பொறி கிளப்பும் கேப் லூஸாக இருந்தாலும் இதே ஆபத்து உண்டு.

சரி, வளையம் நன்றாக வருகிறது, ஆனாலும் குறி சிதறுகிறது. அப்போது பலர் 0.451-ஐ விட்டு 0.454 வாங்குகிறார்கள். அங்கேதான் காசு வீண். எவ்வளவு பெரிய குண்டைத் திணித்தாலும், அழுத்தி முடித்ததும் அது அறையின் அளவுக்கு வந்துவிடும். மிச்சம் வளையமாகக் கீழே கிடக்கும். குழலின் உட்சுவரில் குண்டைச் சுழற்றிவிட வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும்; அந்தப் பள்ளங்களின் அடிவரை எடுத்த அளவுதான் பள்ள விட்டம். நகல் ரிவால்வர்கள் பலவற்றில் அந்தப் பள்ள விட்டத்தைவிட அறை வாய் சிறிது. அப்படியானால் குண்டு வரிப்பள்ளங்களை நிறைக்காமல் போகும், ஓரத்தில் வாயு கசியும். ஈயம் மெத்தென்று இருப்பதால் கொஞ்சம் விரியும்தான், அதை நம்பி இருக்க முடியாது. போர் தேய்ந்த எஞ்சினுக்கு ரிங்கை மட்டும் மாற்றுவது போன்ற வேலை இது. அறை வாய் பள்ள விட்டத்துக்குச் சமமாக, அல்லது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும். அதற்கு ரீமர் (துளையைச் சீவி அகலமாக்கும் கருவி) போடுவது, சுவர் கனம் பார்த்துச் செய்யத் தெரிந்த துப்பாக்கி மெக்கானிக்கின் வேலை. வீட்டு டிரில்லை எடுத்துவிடாதீர்கள்.

அளப்பதிலும் கோட்டை விடுகிறார்கள். வெர்னியரின் உள் தாடை தட்டையானது. சின்ன வட்டத் துளையில் அளவைக் குறைத்துத்தான் காட்டும். பின் கேஜ் (துல்லிய அளவில் செய்த உருளைக் கம்பிகள்) போட்டு ஆறு அறையையும் தனித்தனியாகப் பாருங்கள். குழலுக்கு, சிலிண்டரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தடவிய மெத்தென்ற ஈயக் குண்டு ஒன்றை உள்ளே தட்டி வெளியே எடுத்து அளக்க வேண்டும். இதிலும் ஒரு சிக்கல்: பழைய கோல்ட்டில் ஏழு பள்ளம், ரெமிங்டனில் ஐந்து. ஒற்றைப்படை என்பதால் பள்ளத்துக்கு நேர் எதிரே மேடு வரும். சாதா மைக்ரோமீட்டர் வைத்தால் தப்பான எண் கிடைக்கும். பொருளைத் தாங்கும் முனை (ஆன்வில்) வி வடிவில் உள்ள மைக்ரோமீட்டர் வேண்டும்.

ஈயம் சுத்தமாக, நகம் பதியும்படி இருக்கட்டும். டயர் பேலன்ஸ் எடைக்கட்டியில் ஆன்டிமணி கலந்திருக்கும். அந்தக் கடினத்துக்கு லீவர்தான் வளையும். நம் கரையில் வலையில் கோர்க்கும் ஈயமணியும் எந்தக் கழிவிலிருந்து வார்த்ததோ தெரியாது. பேட்டரி ஈயத்தை உருக்கவே வேண்டாம், புகை விஷம்.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது, ரிவால்வரே சிதறிவிடும். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடைவெளியும் இருக்கக்கூடாது. மருந்தைக் குறைத்துப் போட்டால் குண்டு அறைக்குள் ஆழமாக இறங்கிவிடும் என்பதால், அமெரிக்காவில் பலர் மருந்துக்கு மேல் கோதுமை ரவையைப் போட்டு நிரப்புகிறார்கள். நாம் உப்புமா கிண்டும் அதே ரவைதான்.